துவக்கு வரியும் புரன் அப்புவும்: மாத்தளை, 1848

1848 யூலை 1 ஆம் திகதி இலங்கைத்தீவில் புதிய வரிகள் நடைமுறைக்கு வந்தன. துவக்கு வைத்திருப்பவர் அனுமதிப்பத்திரத்துக்கு இரண்டரை ஷில்லிங் கட்ட வேண்டும். நாய் வளர்ப்பவர் ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும். கடைக்கும் வண்டிக்கும் தனித்தனி வரி. இவற்றோடு, வீதி அமைக்க ஆண்டுக்கு ஆறு நாள் உடலால் உழைக்க வேண்டும். முடியாதவர் அதற்கீடான பணம் செலுத்த வேண்டும்.

கொழும்பில் இருந்து பார்த்தால் இவை சிறு தொகைகள். மாத்தளைக் கிராமத்தவருக்கு அப்படி இல்லை. காசு அதிகம் புழங்காத ஊர்களில் சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமும் யானையிடமும் இருந்து காத்தவை ஒரு துவக்கும் இரண்டு நாய்களும்தான். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கிக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்க வழி திறந்திருந்தது. நிலம் போனபின் எஞ்சியதைக் காக்கும் கருவிகளுக்கும் இப்போது வரி வந்தது.

அந்தத் துவக்கு எப்படிப்பட்டது என்பது வன்னியிலும் மட்டக்களப்புப் படுவான்கரையிலும் இடியன் துவக்கைக் கண்டவர்களுக்குத் தெரியும். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தும்பை அடைத்து, கோலால் இடித்து, ஈயக் குண்டையோ சன்னங்களையோ போட்டு, மறுபடி அடைக்க வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த மருந்தைக் கண்டி இராச்சியத்தவர் தாமே செய்தனர். நக்கிள்ஸ் மலைப் பக்கக் குகைகளில் வெடியுப்பு எடுத்தார்கள். குறிபார்ப்பதற்கு முன்பே வேட்டைக்காரனின் திறமை தொடங்கிவிடும். மருந்து கூடினால் குழல் வெடிக்கும். குறைந்தால் பன்றி ஓடிவிடும். மழையில் நனைந்தால் எதுவும் நடக்காது. ஒரு வெடி தீர்ந்தால் மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். காட்டில் இது போதும். படையின் முன்னால் போதாது.

இந்த வரிகளுக்கு எதிராக எழுந்த மக்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர்தான் புரன் அப்பு. இயற்பெயர் வீர ஹென்னதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. 1812 இல் மொரட்டுவையில், கரையோரச் சிங்களக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, இரத்தினபுரியிலும் பின்னர் ஊவாவிலும் வாழ்ந்தார். கண்டியில் நடந்த ஒரு திருட்டுத் தொடர்பாக அரசு அவரைத் தேடியது. 1847 இன் தொடக்கத்தில் அவரது தலைக்கு 10 பவுண் விலை வைக்கப்பட்டது. அரசின் ஏடுகளில் அவர் ஒரு கொள்ளைக்காரன். அதிகாரிகளுக்கு அஞ்சி வாழ்ந்த கிராமத்தவருக்கோ, அதிகாரிகளுக்கு அஞ்சாத ஒருவர்.

கண்டியின் பழைய பிரபுக்கள் 1818 ஆம் ஆண்டு எழுச்சி நசுக்கப்பட்டபின் பெரும்பாலும் அடங்கிப் போயிருந்தார்கள். அதனால் 1848 இல் தலைமை கீழிருந்து வந்தது. பேலியகொடையில் பிறந்து மலைநாட்டில் குடியேறிய கொங்காலேகொட பண்டாவுக்கு யூலை இறுதியில் தம்புள்ளை விகாரையில் முடிசூட்டப்பட்டது. புரன் அப்பு அவரது முதன்மைத் தளபதியானார். அன்றே ஆயிரக்கணக்கானோர் மாத்தளையை நோக்கித் தெற்கே நடந்தனர். யட்டவத்தவும் அதைச் சூழ்ந்த சேனைக் கிராமங்களும் மாத்தளை நகருக்கு மேற்குப் பக்கமாக இருப்பவை. வரியின் சுமை விழுந்த மண் இதுதான். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. வரிப்பதிவுகள் அழிக்கப்பட்டன. கோப்பித் தோட்டங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின.

கண்டியில் இருந்து புறப்பட்ட படை யூலை 29 அன்று மாத்தளைக்கு அருகே வாரியப்பொலவில் அவர்களை எதிர்கொண்டது. படையினரிடம் மருந்தும் குண்டும் அளந்து சுற்றிய காகிதத் தோட்டாக்கள் இருந்தன. கடித்துக் கிழித்துக் கொட்டி இடித்தால் அடுத்த வெடி தயார். வரிசையாக நின்று தொடர்ந்து சுடலாம். எதிரே நின்றவர்களிடம் ஈட்டிகளும், ஒவ்வொரு வெடிக்கும் மருந்தைக் கையால் அளக்க வேண்டிய வேட்டைத் துவக்குகளும் இருந்தன. மோதல் நீடிக்கவில்லை. படைத்தரப்பில் ஒருவர்கூடக் கொல்லப்படவில்லை.

உண்மையான கொலைகள் மோதலுக்குப் பின்னரே தொடங்கின. ஆளுநர் டொரிங்டன் யூலை 29 அன்று கண்டியில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். இரு நாட்களில் அது குருநாகலுக்கும் விரிந்தது. கிளர்ச்சி சில நாட்களில் ஓய்ந்தது. இராணுவச் சட்டமோ ஒக்டோபர் வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றங்கள் விரைவாகக் கூடி, விரைவாகத் தீர்ப்பளித்து, உடனே சுட்டன. குடாபொல தேரர் என்ற பிக்கு காவியுடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மக்களின் உடைமைகள் பறிமுதலாகி ஏலம் போயின. கிளர்ச்சியிலும் அடக்குமுறையிலும் சுமார் 200 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

புரன் அப்பு பிடிபட்டு, கண்டியில் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். ஓகஸ்ட் 8 அன்று போகம்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. தம்புள்ளையில் முடிசூட்டு நடந்து இரண்டு வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அவர் துணிவோடு இறந்தார் என்பதை அவரைக் கொல்லச் செய்த ஆளுநரே இலண்டனுக்கு எழுதினார். கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் எல்கடுவையில் பிடிபட்டார். அவரது மரண தண்டனை குறைக்கப்பட்டு, கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. அவர் திரும்பி வரவில்லை.

பிறகு விசாரணை வந்தது. கொழும்புப் பத்திரிகையாளர் கிறிஸ்தோபர் எலியட் போன்றோர் எழுப்பிய குரல் பிரித்தானிய நாடாளுமன்றத்தை எட்டியது. 1849 இல் தெரிவுக்குழு அமைக்கப்பட்டது. சாட்சியங்களும் ஆவணங்களும் பெருந்தொகுதிகளாக அச்சாகின. 1850 இல் டொரிங்டன் பதவி இழந்தார். ஆனால் கொலைகளுக்காக அவர் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் விக்ரோறியா மகாராணியின் அரண்மனையில் பதவி பெற்றார். புதிய வரிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. வீதிச் சட்டம் மட்டும் நிலைத்தது. தோட்டங்களுக்கு வீதி தேவைப்பட்டது.

அந்த வீதியில் எங்கள் கதையும் கிடக்கிறது. அதே ஆண்டுகளில் தமிழகத்தில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். நிலத்தை இழந்த சிங்களக் கிராமத்தவரும், அந்த நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்ட தமிழரும் ஒரே கொள்கையால் பாதிக்கப்பட்டவர்கள். அன்று அவர்கள் ஒருவரையொருவர் அப்படிப் பார்க்கவில்லை. 2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நடந்தது. அது தொடங்கிய நாள் யூலை 28.

புரன் அப்பு இன்று தேசிய வீரர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1978 இல் அவரைப் பற்றித் திரைப்படம் எடுத்தார். ஒரு காலத்தில் தலைக்கு விலை வைக்கப்பட்டவர் பின்னாளில் பாடப்புத்தகத்தில் இடம்பெறுவதை இந்த நாடு அறியும். அவரோடு சுடப்பட்ட கிராமத்தவர்களின் குடும்பங்கள் என்ன ஆயின என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. மாத்தளை மண்ணில் அந்தக் கேள்வி 1848 உடன் முடியவும் இல்லை. 2012 இல் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவர்கள் யார், எப்போது இறந்தார்கள் என்பதில் இன்றுவரை இணக்கம் இல்லை.

அவசரகாலச் சட்டத்தின் கீழும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் வாழ்ந்த எங்களுக்கு இந்த ஒழுங்கு பழக்கமானது: முதலில் சட்டம், பின்னர் துவக்குச் சூடு, அதன்பின் விசாரணை, கடைசியில் அறிக்கை. மாத்தளையில் அது நடந்தபோது இறந்தவர்கள் சிங்களவர். அதனாலேயே அந்த வரலாற்றை நாங்கள் படிக்க வேண்டும். நீதி கேட்டுச் சிங்கள மக்களிடம் பேசும்போது, அவர்களுடைய பாட்டன்மாரின் கதையில் இருந்தே பேச்சைத் தொடங்கலாம்.