மன்னிப்பை ஏற்ற சாது சுந்தர் சிங்

சாது சுந்தர் சிங் 1889ஆம் ஆண்டில் பஞ்சாபிலுள்ள இராம்பூரில் சீக்கியக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்து அமைதியின்றித் தவித்தார். 1904ஆம் ஆண்டில் வெறுப்பு மிகுந்து வேதாகமத்தைத் தீயிலிட்டார். சில நாட்களில், விடியுமுன் இறைவனை வேண்டியபோது, தாம் வெறுத்த இயேசுவே அன்போடு தமக்குத் தோன்றியதாகக் கண்டார். தண்டனைக்கு அஞ்சவேண்டியவருக்கு மன்னிப்பே கிட்டியது. தகுதி ஏதுமில்லை என்றறிந்தும் அதனைத் தாழ்மையுடன் ஏற்றார்.

தந்தை அவரை வீட்டைவிட்டு வெளியேற்றினார். 1905ஆம் ஆண்டில் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, காவியுடுத்தி ஊர் ஊராக நடந்து அவ்வன்பை எடுத்துரைத்தார். நம் மலாயாவுக்கும் வந்தார். பின்னாளில் தந்தையும் மனம் மாறி மகனை ஏற்றுக்கொண்டார். 1929ஆம் ஆண்டில் திபெத்துக்குப் புறப்பட்ட சாது மீளவில்லை.

மாணவர்களே! தவறிழைத்தால் அஞ்சி ஒளியாதீர், மன்னிப்பை ஏற்றுத் திருந்துவீர், பிறரையும் மன்னிப்பீர்.