படிக்கத் தொடங்குகிறவர்களுக்குக் கதை எழுதிய வீரமாமுனிவர்



உங்கள் வீட்டுப் பிள்ளை தமிழ் நன்றாகப் பேசும். ஆனால் தமிழ்ப் படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தால், இரண்டு வரி எழுத்துக்கூட்டிவிட்டு உங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறதா? அப்படியானால் இந்த இதழில் நீங்கள் படிக்கப்போகும் வாழ்க்கை உங்களுக்குப் பயன்படும். ஏறக்குறைய முப்பது வயதில் தமிழ் கற்கத் தொடங்கிய ஒருவருடைய கதை இது.

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-இல் இத்தாலியில் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி, 1710-இல் கோவாவுக்குக் கப்பலில் வந்து, பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தார். இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். வயது கடந்து கற்ற மொழியில் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார்.

அவர் செய்த இன்னொரு வேலை உங்கள் பிள்ளையின் முதல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் எ, ஒ என்ற குறில்களுக்கு மேலே ஒரு புள்ளி வைப்பது மரபு. புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆனால் ஓலையில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். நம் அண்ணாமலையார் கோயிலில் தீபத் திருவிழாவுக்கு ஏறுவது கொடியா கோடியா என்று எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது! பழகியவருக்கு இது சிரமமில்லை. புதிதாகப் படிப்பவர் தடுமாறுவார். வீரமாமுனிவர் கொம்பின் மேல்பக்கத்தைச் சுழித்து நெடிலைத் தனியாகக் காட்டினார். இன்று கெ, கே என்றும் கொ, கோ என்றும் பிள்ளைகள் தயங்காமல் பிரித்துப் படிப்பது அந்தத் திருத்தத்தால்தான்.

எழுத்து தெரிந்தால் மட்டும் போதுமா? படிக்க ஆசை வர வேண்டுமே! ஐரோப்பாவிலிருந்து வந்து தமிழ் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக அவர் எழுதியதுதான் பரமார்த்த குரு கதை. குருவும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் சேர்ந்து அடிக்கும் கூத்து அது. ஆறு தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையால் தண்ணீரைத் தொடுவார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குவார்கள். ஆற்றைக் கடந்ததும் ஆளுக்கு ஆள் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணுகிறவர் தன்னை விட்டுவிடுவதால், ஒருவர் ஆற்றோடு போய்விட்டார் என்று எல்லோரும் அழுவார்கள்.

தன்னை எண்ண மறந்தவர் கதை நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருவது. நம் ஊர் ரமண மகரிஷி இயற்றிய உள்ளது நாற்பதிலும் அந்தப் பத்தாவது ஆள் வருகிறார். அங்கே அது ஞானத்துக்கு உவமை, வீரமாமுனிவரிடம் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் கதை. அவர் 1747-இல் காலமானார். பரமார்த்த குரு கதை 1822-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சாயிற்று. வளர்ந்தவர்கள் மொழி கற்க எழுதிய கதை, பின்னாளில் படங்களோடு குழந்தைகள் புத்தகமாகிவிட்டது.

அவர் செய்ததை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். பிள்ளை தடுமாறும் எழுத்து எது என்று முதலில் கவனியுங்கள். திட்ட வேண்டாம், அந்த எழுத்தை மட்டும் எளிதாக்கிக் கொடுங்கள். பிறகு சிரிப்பு வரும் கதை ஒன்றை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் சேர்ந்து படியுங்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் பிள்ளை.

உங்களுக்கே தமிழ் படிக்க வராது என்கிறீர்களா? அவர் தொடங்கிய வயதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் படிக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது, அந்தச் சீடர்களைப் போல உங்களை விட்டுவிடாதீர்கள்.