தாயருகே ஒரு பேழை

மாதம் நிறையும் முன்னே பிறந்த குழந்தை பிழைப்பது அரிது என்று உலகம் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் அத்தகைய குழந்தைகளைக் காப்பதையே தம் வாழ்நாட்பணியாக ஏற்றவர் பிரெஞ்சு மருத்துவர் பியேர் புதேன். 1846ஆம் ஆண்டு பிறந்த இவர், பாரிசு நகரில் மகப்பேற்று மருத்துவம் பயின்றார். புகழ்பெற்ற மருத்துவர் தார்னியேயின் வழியில் வளர்ந்தார்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்ட தார்னியே, அதைப்போன்ற வெப்பப்பேழையைக் குழந்தைகளுக்காக அமைக்கச் செய்தார். 1880களில் அது பயன்பாட்டுக்கு வந்தபின், 2,000 கிராமுக்கும் குறைவான எடையுடன் பிறந்தோருள் நூற்றுக்கு 66ஆக இருந்த இறப்பு 38ஆகக் குறைந்தது.

எனினும், உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா? மருத்துவமனையில் நலமாக இருந்த குழந்தைகள் பலர், வீடு திரும்பியபின் தூய்மையற்ற பாலால் வயிற்றுப்போக்குற்று இறந்தனர். இதனைத் தடுக்க, 1892ஆம் ஆண்டு சாரிட்டே மருத்துவமனையில் புதேன் ஓர் ஆலோசனை மையத்தைத் தொடங்கினார். தாய்மார் வாரந்தோறும் குழந்தைகளைக் கொண்டுவந்தனர். அங்கு எடை பார்க்கப்பட்டது, தாய்ப்பால் வலியுறுத்தப்பட்டது, அது போதாதோர்க்குக் கிருமிநீக்கிய பால் வழங்கப்பட்டது.

1895இல் பாரிசு மகப்பேற்று மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவை அவர் ஏற்றார். உடல் குளிர்தல், பாலூட்டுவதில் இடர், நோய்த்தொற்று ஆகிய மூன்றையும் முதன்மைப் பகைகளாகக் கருதினார். உறிஞ்ச இயலாத குழந்தைக்குக் குழாய்வழிப் பால் புகட்டப்பட்டது.

அங்கு அவர் கண்ட மற்றோர் உண்மை துயரமானது. குழந்தையைவிட்டு நெடுநாள் பிரிந்திருந்த தாயர் சிலர், நாளடைவில் அதன்மீதுள்ள பற்றை இழந்தனர். சிலர் கைவிட்டே சென்றனர். உயிரைக் காத்த பேழையே உறவைப் பிரிக்கும் சுவராகிவிடக் கூடாது என அவர் உணர்ந்தார். தாய் காணும்படி கண்ணாடிச் சுவருடைய பேழையை விரும்பினார். தாயரை வந்து பாலூட்டத் தூண்டினார். குறைமாதக் குழந்தை மெலிவாக உறிஞ்சுவதால் பால் வற்றாதிருக்க, வலுவான வேறொரு குழந்தைக்கும் பாலூட்டுமாறு அறிவுறுத்தினார்.

தம் பட்டறிவை 1900ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட புதேன், 1907இல் மறைந்தார். இன்று குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கின்றனர். வீடு திரும்பியபின்னும் அதன் எடையையும் அசைவையும் வளர்ச்சியையும் தொடர்ந்து கண்காணிக்கின்றனர். தேவைப்படின் இயன்முறைப் பயிற்சியும் அளிக்கின்றனர். பிழைத்த உயிர் தழைக்கவும் வேண்டும் என்னும் இவ்வெண்ணத்திற்குப் புதேன் முன்னோடி எனலாம்.