பத்தொன்பதரை நாள்

இலண்டனை அடுத்த குராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வின் நகருக்கு அக்கால வான்வழியின் நீளம் ஏறத்தாழ 17,700 கிலோமீட்டர். 'ஜிப்சி மாத்' என்னும் சிறு வானூர்தி மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் பறக்கும். தொலைவை வேகத்தால் வகுத்தால் 126 மணி நேரம். ஐந்து நாளும் சில மணியும். ஆனால், 1930இல் அவ்வழியைத் தனியே கடந்த எமி ஜான்சனுக்குப் பத்தொன்பதரை நாள் ஆயிற்று. எஞ்சிய பதினான்கு நாள் எங்கே போயின?

எமி 1903இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் மீன் வணிகரின் மகளாகப் பிறந்தார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று, இலண்டனில் வழக்குரைஞர் அலுவலகமொன்றில் செயலராகப் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் வானூர்தி ஓட்டக் கற்றார். அத்துடன் நில்லாது, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டவும் பயின்று, 1929இல் தரைப் பொறியாளர் உரிமம் பெற்றார். பிரிட்டனில் அதனைப் பெற்ற முதல் பெண் அவரே. தந்தையும் வேக்ஃபீல்டு பிரபுவும் பொருளுதவி செய்ய, பழைய வானூர்தி ஒன்றை வாங்கி, தந்தையின் வணிகக் குறியான 'ஜேசன்' என்பதையே அதற்குப் பெயராக இட்டார்.

மே 5 அன்று புறப்பட்டபோது அவருக்கு வயது 26. அதற்குமுன் அவர் தனியே பறந்த மிக நீண்ட தொலைவு இலண்டனிலிருந்து ஹல் வரைதான். பாக்தாத்தை நெருங்குகையில் மணற்புயல் அவரைப் பாலைவனத்தில் இறக்கியது. ஆயினும் ஆறாம் நாள் கராச்சியை அடைந்தார். 1928இல் இதே பயணத்தைப் பதினைந்தரை நாளில் முடித்த பெர்ட் ஹிங்க்லரைவிட அவ்விடத்தில் அவர் இரண்டு நாள் முந்தியிருந்தார்.

அம்முந்துதல் நீடிக்கவில்லை. எரிபொருள் குறைந்து, ஜான்சியில் படைவீரர்களின் அணிவகுப்புத் திடலில் இறங்கியபோது இறக்கை பழுதுற்றது. இரங்கூனை அடுத்த இன்செயினில், மழைக்கிடையே விளையாட்டுத் திடலொன்றில் இறங்கிய வானூர்தி எல்லை கடந்து ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. இறக்கையில் ஒட்டத் துணி இல்லை. முதல் உலகப் போரில் மிஞ்சிய வானூர்தித் துணியில் தைத்த சட்டைகள் அங்கே சிலரிடம் இருந்தன. அவற்றைப் பிரித்து இறக்கையை மூடினர். நாள்கள் கழிந்தன; ஹிங்க்லரின் சாதனையும் எட்டாத் தொலைவுக்குச் சென்றது. இனி விரைந்து பயனில்லை என அறிந்தும் எமி பயணத்தைக் கைவிடவில்லை. மே 24 அன்று, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் அகன்ற திமோர் கடலை ஒற்றை இயந்திரத்தை நம்பிக் கடந்து டார்வினில் இறங்கினார். சாதனை தவறியது என்பதே அவர் மனக்குறை. மக்களோ, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்து வந்த முதல் பெண்ணைக் காணத் திரண்டனர். 1932இல் இலண்டன்–கேப்டவுன் வழியில், தம் கணவர் நிறுவிய சாதனையையே அவர் முறியடித்தார்.

இரண்டாம் உலகப் போரில், வானூர்திகளை நிலையம்விட்டு நிலையம் கொண்டுசேர்க்கும் பணியை ஏற்றார். 1941 சனவரி 5 அன்று பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த கிட்லிங்டனுக்குப் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பயணம். வானிலை மிக மோசமாக இருந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குப் பின், செல்லவேண்டிய இடத்துக்கு வெகு கிழக்கே, தேம்சு ஆறு கடலில் கலக்குமிடத்தில் அவர் வான்குடையுடன் விழுந்தார். கப்பலிலிருந்து அவரைக் காக்கக் குளிர்நீரில் குதித்த தலைவர் வால்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார். எமியின் உடல் கிடைக்கவேயில்லை.