தோற்றுப்போன சோதனை.. புற்றுநோய் மருந்து வரை வந்த கதை! யார் இந்த காட்லீப் ஹேபர்லாண்ட்?

தேனி பக்கம் வாழை போடுற விவசாயிகளுக்கு ஜி9 திசு வாழை புதுசு இல்லை. தாய் வாழையிலிருந்து எடுத்த சின்னத் துணுக்கு ஒன்றை கண்ணாடி பாட்டிலில் வளர்த்து, அதிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்று எடுக்கிறார்கள். இதே தொழில்நுட்பத்தை வைத்துத்தான் புற்றுநோய் மருந்தும் தயாராகிறது, அழிவின் விளிம்பில் இருக்கும் செடிகளும் காப்பாற்றப்படுகின்றன.

இந்த யோசனையை 1902-ல் முன்வைத்தவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் காட்லீப் ஹேபர்லாண்ட். இதில் ட்விஸ்ட் என்னன்னா, அவர் வளர்த்துப் பார்த்ததில் ஒரு செல்கூட இரண்டாகப் பிரியவே இல்லை!

யார் இவர்?

1854 நவம்பர் 28-ல், அப்போதைய ஆஸ்திரியப் பேரரசில், இன்றைய ஹங்கேரியில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா ஃப்ரீட்ரிக் ஹேபர்லாண்ட், ஐரோப்பாவில் சோயா பீன்ஸ் சாகுபடியைக் கொண்டுவரப் பாடுபட்ட வேளாண் பேராசிரியர். ஆக, செடி கொடி வீட்டிலேயே இருந்த விஷயம்தான்.

வியன்னாவில் படித்துவிட்டு கிராட்ஸ் நகரில் பேராசிரியர் ஆனார். இலை ஏன் இப்படி இருக்கிறது, தண்டுக்குள் இந்தத் திசு எதற்கு, ஒவ்வொன்றும் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டுக்கேட்டு 1884-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். நீட் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு கிரான்ஸ் உள்ளமைப்பு ஞாபகம் இருக்கும். கரும்பு, சோளம் இலையில் இருக்குமே, அதுதான். அந்தப் பெயரை வைத்தவரும் இவரே.

1902-ல் என்ன நடந்தது?

ஒரு செடியின் எந்த உயிருள்ள செல்லுக்குள்ளும் முழுச் செடியாக வளரத் தேவையான எல்லாமே இருக்கிறது என்பது அவர் எண்ணம். அப்படின்னா அந்தச் செல்லைத் தனியே பிரித்து, சரியான உணவு கொடுத்தால் வளரணும் இல்லையா?

செய்து பார்த்தார். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியின் இலைச் செல்கள், நம்ம ஊர் ஏரி குளத்தை எல்லாம் மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையின் இலைக்காம்புச் செல்கள் எனப் பலவற்றைப் பிரித்தெடுத்து, தாது உப்பும் சர்க்கரையும் கலந்த நீரில் விட்டார். செல்கள் வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன. பெருத்தன. ஆனால் எதுவும் பிரியவில்லை. பிரியாவிட்டால் திசு இல்லை, திசு இல்லாவிட்டால் செடி இல்லை.

வேறு ஒருவராக இருந்தால் நோட்டை மூடி வைத்திருப்பார். இவரோ தோல்வியை அப்படியே எழுதி வியன்னா அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். செல்களைத் தூண்டிவிட ஏதோ ஒரு பொருள் தேவைப்படலாம், ஒருநாள் சாதாரணச் செல்லிலிருந்தே கருவை வளர்க்கலாம் என்பதையும் அதில் குறிப்பிட்டார். இன்றைக்குப் படித்தால், அந்தக் கட்டுரையில் சோதனை முடிவைவிட இந்த ஊகங்கள்தான் பெரிய விஷயம்.

எங்கே தப்பு நடந்தது?

அவர் எடுத்தது முதிர்ந்து, ஒரே வேலைக்குப் பழகிவிட்ட செல்கள். அவற்றை மறுபடி பிரிய வைப்பது கஷ்டம். ஆக்சின், சைட்டோகைனின் போன்ற தாவர ஹார்மோன்களும் அப்போது யாருக்கும் தெரியாது. சைட்டோகைனின் கண்டுபிடிக்கப்பட்டதே 1950-களில்தான்.

ஆனாலும் அவர் விடவில்லை. 1910-ல் பெர்லினுக்கு மாறிய பிறகு, வெட்டுப்பட்ட உருளைக்கிழங்கு எப்படித் தன் காயத்தை ஆற்றிக்கொள்கிறது என்று ஆராய்ந்தார். செல்களைப் பிரியத் தூண்டும் பொருள் திசுவிலிருந்தே வருகிறது என்று காட்டினார். பழைய ஊகத்துக்குக் கிடைத்த முதல் பிடி இது.

சொந்த வாழ்க்கையில் அடி விழுந்தது. மகன் லுட்விக், ஹார்மோன் மூலம் கருத்தடை செய்யலாம் என்று முதலில் காட்டிய முன்னோடிகளில் ஒருவர். அதற்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 1932-ல் 47 வயதில் இறந்துபோனார். அப்பாவுக்கு அப்போது 77 வயது.

உயிரோடு இருக்கும்போதே வந்த பதில்

1939-ல் பிரான்ஸில் கோத்ரே, நொபெகூர், அமெரிக்காவில் வைட் ஆகிய மூவரும் தனித்தனியாக, கேரட், புகையிலைத் திசுக்களை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினர். ஹேபர்லாண்டுக்கு 84 வயது. 1945 ஜனவரி 30-ல், போர் நடந்துகொண்டிருந்த பெர்லினில் 90 வயதில் காலமானார்.

பிறகு வேலை வேகமெடுத்தது. 1958-ல் ஸ்டீவர்ட் கேரட் செல்களிலிருந்து செடியையே வளர்த்தார். அவர் செல்களைத் தூண்டப் பயன்படுத்தியது என்ன தெரியுமா? தேங்காய்க்குள் இருக்கும் நீர்! 1965-ல் இந்தியாவைச் சேர்ந்த விமலா வாசிலும் ஹில்டிபிராண்டும் தன்னந்தனியான ஒரே ஒரு புகையிலைச் செல்லிலிருந்து பூக்கும் செடியைக் கொண்டுவந்தார்கள். 1902-ல் சொன்னது 63 வருஷம் கழித்து நிரூபணமானது.

மருந்துக்கு என்ன சம்பந்தம்?

பக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். மரமோ மிக மெதுவாக வளரும், ஒரு கிலோ மருந்துக்கு ஆயிரக்கணக்கான மரங்கள் தேவை. நோயாளியா, காடா என்ற கேள்வி எழுந்தது. முதலில், வேறு யூ மரங்களின் இலையிலிருந்து எடுத்த பொருளை ஆய்வகத்தில் மருந்தாக மாற்றினார்கள். அடுத்து வந்ததுதான் செல் வளர்ப்பு. இப்போது யூ மரச் செல்களை ராட்சதத் தொட்டிகளில் வளர்த்து, அவை சுரக்கும் மருந்தைப் பிரித்தெடுக்கிறார்கள். இதற்காக ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரை கொள்ளளவு உள்ள தொட்டிகள் இருக்கின்றன. மரத்தில் கைவைக்கவே வேண்டாம்.

இதே மருந்துக்காக வெட்டப்பட்டு, இமயமலை யூ மரமும் அழியும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் கன்றுகளைத் திசு வளர்ப்பில் உருவாக்கும் முயற்சிகள் இந்திய ஆய்வகங்களில் நடக்கின்றன.