விழியிழந்த சிறாருக்கு எழுத்தளித்த லூயி பிறெயில்

சனவரி மாதம் ஆறாம் நாள் மூவிராசாக்கள் திருநாள். கீழ்த்திசை ஞானிகள் விண்மீனைப் பின்தொடர்ந்து சென்று பாலனைக் கண்டு வணங்கியதைத் திருச்சபை நினைவுகூரும் நாள் அது. 1852ஆம் ஆண்டு அத்திருநாளிலே, விண்மீனையோ விளக்கையோ கண்ட ஞாபகமே அற்றுப்போன ஒரு மனிதர் பரிஸ் மாநகரில் உயிர் நீத்தார். அவர் தமது நாற்பத்து மூன்றாவது வயதை நிறைவு செய்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. உலகமெங்கும் விழியிழந்தோர் விரலால் வாசிக்கும் எழுத்தை ஆக்கித் தந்த லூயி பிறெயிலே அவர்.

ஆறு புள்ளிகளின் கதையை நம்மிற் பலர் பாடசாலைப் புத்தகத்திலே படித்திருக்கிறோம். ஆனால் அவர் இளமையில் இறந்ததேன் என்பதைப் பலர் அறியார். அவரைக் கொண்டுபோனது சயரோகம். அந்நோய் அவரைப் பற்றியது அவர் கற்ற பாடசாலையின் ஈரச் சுவர்களுக்குள்ளேதான் என்பது அவருடைய வரலாற்றை ஆராய்ந்தோர் பலரின் கருத்து. விழிப்புலனற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் விடுதிப் பொறுப்பாளரும் சிந்திக்க வேண்டிய பகுதி இதுவே.

லூயி 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், பரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கூவ்றே என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தை சிமோன் றெனே குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்யும் தோற்றொழிலாளி. தாயின் பெயர் மொனிக். நான்கு பிள்ளைகளில் லூயியே கடைக்குட்டி. மூன்று வயதுக் குழந்தை ஒருநாள் தந்தையின் பட்டறையிலே, அவரைப் போலத் தானும் தோலிலே துளையிட முயன்றது. கையிலிருந்த குத்தூசி வழுகிக் கண்ணிற் பாய்ந்தது. கிராமத்தில் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தார்கள். புண் ஆறவில்லை. ஒரு கண்ணிற் பட்ட காயம் மற்றக் கண்ணையும் கெடுத்தது. ஐந்து வயதாகும்போது இரு கண்களும் முற்றாக இருண்டுவிட்டன.

அக்காலத்திலே கிராமப்புறத்துக் குருட்டுப் பிள்ளையின் கதி பெரும்பாலும் வீட்டு மூலை, இல்லையேல் தெருவோரப் பிச்சை. லூயியின் பெற்றோர் அவ்விரண்டுக்கும் இடங்கொடுக்கவில்லை. தந்தை மகனுக்குக் கைத்தடி செய்து கொடுத்தார். பிள்ளை அதைத் தட்டித் தட்டிக் கிராமத்து ஒழுங்கைகளில் தானாகவே நடந்து திரியப் பழகியது. பலகையிலே ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து, விரலால் தடவி எழுத்துக்களை அறியச் செய்தார். வீட்டிலே அவனுக்கென்று வேலைகளும் இருந்தன. பார்வையில்லை என்பதற்காக அவனை ஓரிடத்தில் இருத்தி வைக்காமல், நடக்கவும் உழைக்கவும் விட்டமையே பெற்றோர் அவனுக்குக் கொடுத்த பெரிய சொத்து.

1815இல் அக்கிராமத்துக்குப் புதிய பங்குக் குருவாக வந்த பாலுயி சுவாமியார் சிறுவனின் கூர்மையான புத்தியைக் கண்டுகொண்டார். தாமே அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பூக்களை மணத்தாலும் பறவைகளைக் குரலாலும் அறியப் பழக்கினார். பின்னர் ஊர்ப் பாடசாலை ஆசிரியரிடம் பேசி, ஏனைய பிள்ளைகளோடு அவனையும் வகுப்பில் இருக்கச் செய்தார். கேட்டதை மனதிற் பதித்துக்கொண்டே லூயி முன்னணி மாணவனானான்.

பத்து வயதில், 1819 பெப்ரவரி 15ஆம் நாள், பரிஸ் நகரிலிருந்த விழியிழந்த இளைஞருக்கான அரச கல்வி நிலையத்திற் சேர்ந்தான். வலன்ரீன் அவுயி என்னும் பெருமகன் 1785இல் தொடக்கிய நிலையம் அது. அப்பொழுது அது சென் விக்ரர் தெருவிலே, முன்னாளில் குருமடமாக விளங்கிய பழங்கட்டடம் ஒன்றில் இயங்கியது. அக்கட்டடத்துக்கு ஒரு புனித வரலாறு உண்டு. புனித வின்சென்ற் தே போல் 1625இல் தமது சபையைத் தொடக்கியபோது அதுவே அச்சபையின் முதல் இல்லம். 1792 செப்ரெம்பரில், பிரெஞ்சுப் புரட்சியின் வெறியாட்டத்திலே, பல குருக்கள் அங்கேதான் கொல்லப்பட்டார்கள்.

ஆனால் புனிதர் வாழ்ந்த இடம் என்பதற்காகச் சுவர் காய்ந்துவிடுமா? சேன் நதிக்கு அண்மையிலிருந்த அக்கட்டடத்தின் சுவர்களில் ஈரம் ஊறியது. படிகள் ஒடுங்கியவை, அறைகள் காற்றோட்டமும் வெளிச்சமும் அற்றவை. பார்வையில்லாதவருக்கு வெளிச்சம் எதற்கு என்று பொறுப்பாளர்கள் எண்ணினார்கள் போலும். வெயில் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. உடல் முழுவதற்கும் உரியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரு குளிப்புத்தான். உணவும் மட்டமானது. கியியே என்ற அதிபரின் காலத்திலே தவறு செய்தவனுக்குத் தனியறையும் வெறும் ரொட்டியும் தண்ணீருமே தண்டனை. சோதிக்க வந்த வைத்தியர்கள் கட்டடம் நோயை விளைவிப்பது என்று அறிக்கை எழுதினார்கள். அறிக்கைகள் மேசையிற் கிடந்தன. பிள்ளைகள் இருமிக்கொண்டே படித்தார்கள்.

1821இல் பீஞியே என்னும் வைத்தியர் அதிபராக வந்தார். இறைபற்று மிக்க அவர் பிள்ளைகளைத் தந்தையைப் போல நடத்தினார். வாரத்திலொரு நாள் அவர்களை வெளியே உலாவ அழைத்துச் சென்றார். நீண்ட கயிறு ஒன்றை எல்லோரும் பற்றிக்கொண்டு வரிசையாக நடந்து செல்வது பரிஸ் மக்களுக்குப் பழகிய காட்சியாயிற்று. கட்டடத்தை மாற்ற அவரால் உடனே முடியவில்லை. ஆயினும் சுத்தமான காற்றும் கால்நடையும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்பதை உணர்ந்து, இயன்றதைச் செய்தார்.

அதே 1821ஆம் ஆண்டிலேதான் சார்ள்ஸ் பார்பியே என்னும் முன்னாள் இராணுவ அதிகாரி, தாம் அமைத்த புள்ளியெழுத்து முறையொன்றை அந்நிலையத்துக்குக் கொண்டுவந்தார். கடுதாசியில் மேடாகக் குத்திய புள்ளிகளை விரலால் தடவி வாசிக்கும் முறை அது. ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. விரல் நுனி ஒரே தொடுகையில் அத்தனையையும் அறிய முடியாது. நிறுத்தக்குறிகளும் இல்லை, சொற்களைச் சரியான எழுத்துக்கூட்டலில் எழுதவும் முடியாது. பன்னிரண்டு வயது லூயி இக்குறைகளைக் கண்டுகொண்டான். பகலிற் பாடம், இரவிலே எல்லோரும் உறங்கிய பின் தன் ஆராய்ச்சி. விடுமுறைக்குக் கிராமம் சென்றாலும் கையிற் கடுதாசியும் குத்தூசியுமே. கண்களைப் பறித்த கருவிக்கு இனமான கருவியையே எழுதுகோலாக்கிக் கொண்டான். 1824இல், பதினைந்து வயதில், ஆறே புள்ளிகளில் எழுத்துக்கள் அனைத்தையும் அடக்கிவிட்டான். 1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது. அதில் இசைக் குறியீடுகளுக்கும் இடமிருந்தது. 1837இல் திருத்திய பதிப்பு வந்தது.

லூயி 1828இல் அங்கேயே உதவி ஆசிரியராகி, 1833இல் முழு ஆசிரியரானார். இசையிலும் வல்லவரான அவர் பரிஸ் ஆலயங்களிலே ஓகன் வாசித்துவந்தார். சம்பளம் கொஞ்சம், கை தாராளம். ஏழை மாணவருக்குப் பணமும் குளிருக்கு உடுப்பும் கொடுப்பார். தமக்குக் கிடைத்த ஓகன் வாசிக்கும் பதவியொன்றை, தம்மிலும் வறிய மற்றொரு விழியிழந்தவருக்கு விட்டுக்கொடுத்தார்.

இருபத்தாறு வயதளவில் இருமலோடு இரத்தம் கண்டது. சயரோகம் ஒரு கிருமியால் வருவதென்பதை றொபேட் கொக் உலகுக்கு அறிவித்தது 1882இலேதான். எனவே லூயியின் காலத்து வைத்தியர்களால் ஓய்வும் கிராமத்துக் காற்றுமே சொல்ல முடிந்தது. அவர் கூவ்றேக்குச் சென்று தேறி வருவார். பாடசாலைக்குத் திரும்பியதும் நோயும் திரும்பும். சக ஆசிரியரும் மாணவரும் இதே நோயால் மடிவதையும் அவர் காண நேர்ந்தது.

1838ஆம் ஆண்டு மே மாதத்தில் கவிஞரும் அரசியல்வாதியுமான லமர்த்தீன் பாராளுமன்றத்தில் எழுந்து, அக்கட்டடத்தின் அவலத்தை எடுத்துரைத்தார். அதன் பின்னரே புதிய கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. 1843இல் பிள்ளைகள் காற்றும் வெயிலும் நிறைந்த புதிய இல்லத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். வைத்தியர்கள் முதன்முதல் எச்சரித்து இருபதாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. லூயியின் நெஞ்சுக்கு அது காலம் கடந்த உதவி.

இதற்கிடையில் வேறொரு துன்பமும் வந்தது. 1840இல் பீஞியே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்து வந்த தியுபோ என்ற அதிபர், கண்பார்வையுள்ளோர் படிக்க முடியாத எழுத்து வேண்டாம் என்று பிறெயில் முறையைத் தடைசெய்து, அவ்வெழுத்தில் ஆன ஏடுகளை எரிப்பித்தார். மாணவர்களோ ஒளித்து ஒளித்துப் புள்ளிகளைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் உதவி அதிபர் குவாதே அவரது மனதை மாற்றினார். 1844 பெப்ரவரி 22ஆம் நாள் புதிய கட்டடத் திறப்பு விழாவிலே பிறெயில் முறை மக்கள் முன்னிலையில் செய்து காட்டப்பட்டது. லூயி அதைத் தம் காதாற் கேட்டு மகிழ்ந்தார்.

1851 திசெம்பரில் நோய் முற்றியது. தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று, அமைதியோடு தம் ஆன்மாவை ஆண்டவரிடம் கையளித்தார். அவர் எரித்துவிடும்படி சொல்லிவைத்த சிறு பெட்டியொன்றை நண்பர்கள் திறந்தபோது, மாணவர்கள் அவரிடம் கடன் வாங்கியதற்கு எழுதிக் கொடுத்த சீட்டுக்கள் உள்ளே கிடந்தன. ஒருவரிடமும் அறவிட அவர் எண்ணவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின், 1854இல், அவருடைய எழுத்து முறை அந்நிலையத்தில் முறைப்படி ஏற்கப்பட்டது. 1952இல் அவரது உடல் பரிஸிலுள்ள பெரியோர் கல்லறைக்கு மாற்றப்பட்டபோது, கைகள் மட்டும் பிறந்த ஊரிலேயே விடப்பட்டன.

இன்று தமிழுக்கும் பிறெயில் எழுத்து உண்டு. ஒரேயொரு புள்ளி குத்தினால் அதுவே நமது அகரம். நம் நாட்டில் 1912இல் மேரி சப்மன் அம்மையார் விழிப்புலனற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்கும் பாடசாலை தொடக்கினார். குடாநாட்டிலே கைதடி நவீல்ட் பாடசாலையும், 1988 தொடக்கம் சுன்னாகம் வாழ்வகமும் இப்பிள்ளைகளுக்குப் பணிபுரிந்து வந்துள்ளன. போர்க்காலத்திலே எறிகணைக்கும் கண்ணிவெடிக்கும் பார்வையைப் பறிகொடுத்தவர்களும் நம் மத்தியில் உண்டு.

எழுத்தைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததென்று இருக்கலாகாது என்பதே லூயியின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம். சயரோகத்துக்கு இன்று மருந்து உண்டு. பிறந்த குழந்தைக்கு நம் நாட்டில் தடுப்பூசியும் போடப்படுகிறது. ஆயினும் பார்வையற்ற பிள்ளையின் உடல்நலத்துக்கு வேறு பகைவர்கள் உள்ளனர். முதலாவது பகைவன் அளவுகடந்த பரிவு. விழுந்துவிடுவான் என்று அஞ்சிக் கதிரையில் இருத்திவைக்கும் பிள்ளைக்குக் கால் தளரும், முதுகு வளையும், உடல் பருக்கும். அவன் முற்றத்தில் நடக்கட்டும், ஓடட்டும், கயிறடிக்கட்டும். உள்ளே மணிகள் கிலுங்கும் பந்தோடு விழிப்புலனற்றோர் ஆடும் கிரிக்கெட்டில் நம் நாட்டவரும் சர்வதேசப் போட்டிகளுக்குப் போயிருக்கிறார்கள். முழங்காலில் வரும் சிராய்ப்பு இரண்டு நாளில் ஆறிவிடும்.

இரண்டாவது, சுத்தம். மற்றப் பிள்ளைகள் கண்ணால் வாசிக்க, இவன் விரலால் வாசிக்கிறான். வழியறிவதும் பொருளறிவதும் கைகளாலேயே. ஆகவே கைகழுவும் பழக்கம் இவனுக்கு இருமடங்கு அவசியம். பல் விளக்குவதையும் நகம் வெட்டுவதையும் அவன் பார்த்துப் பழக முடியாது. அவனுடைய கையின்மேல் நம் கையை வைத்து, பொறுமையோடு பலமுறை செய்து காட்ட வேண்டும். கிணற்றடியில் வாளி எங்கே, சவர்க்காரம் எங்கே, துவாய் எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் மாறாத இடம் இருந்தால், ஆறேழு வயதிலேயே தானாகக் குளிக்கப் பழகிவிடுவான்.

மூன்றாவது, உணவும் உறக்கமும். ஊட்டிவிடுவது எளிது, உண்ணப் பழக்குவது சிரமம். கோப்பையில் சோறு எந்தப் பக்கம், முருங்கையிலை வறை எந்தப் பக்கம், மீன் எந்தப் பக்கம் என்று சொல்லி, முள் பிரிக்கவும் கற்பித்தால் அவனே உண்பான். சிறிதும் ஒளியறியாத சில பிள்ளைகளுக்கு இரவும் பகலும் உடலுக்குத் தெரிவதில்லை, தூக்கம் தடுமாறும். இவர்கள் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் உண்டு, காலையில் உடலசைத்து, ஒரே நேரத்தில் படுப்பது நன்று. அப்படியும் தூக்கம் குழம்பினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மீதிப் பார்வை இருக்கும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் தவறக்கூடாது.

இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. கூவ்றே கிராமத்துத் தோற்றொழிலாளி ஒரு தடியையும் சில ஆணிகளையும் கொண்டே மகனை மனிதனாக்கினார். பாலுயி சுவாமியார் செய்தது ஊர்ப் பாடசாலையின் கதவைத் தட்டியதே. நம் பங்குகளிலும் ஏதாவது ஒரு வீட்டின் உள்ளறையில், வெளியே தெரியாமல் ஒரு பிள்ளை இருக்கக் கூடும். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய், அப்பிள்ளையின் கையைப் பற்றி ஒழுங்கை முடியும்வரை நடத்திக்கொண்டு போய் வாருங்கள்.