கம்பி சுடுவதை ஆராய்ந்த வத்திராயிருப்புக்காரர்

சர் சி.வி.ராமனை நம் எல்லோருக்கும் தெரியும். அவர் கூடவே இருந்து சோதனை செய்த கே.எஸ்.கிருஷ்ணனை எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் போன மாசம் வரை தெரியாது.

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் எங்க அண்ணன் ஒரு பழைய டேப்லெட் கொடுத்தார். அஞ்செட்டி குளிர்தான் உங்களுக்குத் தெரியுமே! ராத்திரி கம்பளிக்குள்ள வெச்சு, சார்ஜ் போட்டுக்கிட்டே கணக்குப் பாடம் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தோசைக்கல் மாதிரி சுட்டது. படமும் நின்னு நின்னு ஓடுச்சு. வெடிச்சிடும்னு பயந்து அம்மா அதைப் பெட்டியில் வெச்சுப் பூட்டிட்டாங்க. பரீட்சைக்கு ரெண்டே வாரம்! அழுதுக்கிட்டே அறிவியல் டீச்சரிடம் கேட்டபோதுதான் இவர் கதையைச் சொன்னார்கள்.

கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். அது இப்போது விருதுநகர் மாவட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்துவக் கல்லூரி. அப்புறம் கல்கத்தா போய் ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவைக் கண்டுபிடித்தபோது சோதனைகளில் பெரும் பங்கு இவருடையது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

இவர் அதோடு நிற்கவில்லை. டாக்காவில் வேலை பார்த்துவிட்டு 1933-ல் கல்கத்தா திரும்பினார். அங்கே கிராஃபைட்டை ஆராய்ந்தார். அதாங்க, நம்ம பென்சிலுக்குள் இருக்கிற கறுப்புப் பொருள்! அது அடுக்கடுக்காக இருக்கும். அடுக்கின் வழியாக மின்சாரம் சுலபமாக ஓடும், குறுக்கே ரொம்பக் கஷ்டப்படும் என்று 1939-ல் அளந்து காட்டினார். வெப்பமும் அதில் அப்படித்தான் பரவும். இன்றைக்குப் பல டேப்லெட்டுகளில் சிப்பின் சூட்டைப் பரப்ப மெல்லிய கிராஃபைட் தாள் ஒட்டுகிறார்கள்.

1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். அங்கே மின்சாரம் பாய்ந்து சூடாகும் கம்பியில் எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டார். நடுவில் அதிகம், பிடித்திருக்கும் முனைகளில் குறைவு. களி உருண்டையில் ஓரம் ஆறியிருக்கும், நடுவில் கை வைத்தால் சுடுமே, அதுபோல. சூடு வெளியே போக வழி இருக்கும் பக்கம்தான் ஆறும்.

டேப்லெட்டிலும் இதே கதைதான். சிப்பில் கோடிக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள். மின்சாரம் ஓடும்போது தடையால் சூடாகிறது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சேர்ந்து சுடுகிறது. பெரும்பாலும் உள்ளே ஃபேன் கிடையாது, சூடு வெளிப்புறம் வழியாகத்தான் வெளியேறணும். நானோ கம்பளியைப் போர்த்தி அந்த வழியை அடைச்சிட்டேன்! ரொம்பச் சூடானால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் நின்னு நின்னு ஓடியது அதனால்தான்.

கிருஷ்ணனுக்கு 1954-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1961 ஜூன் 14-ல் காலமானார்.

இதையெல்லாம் அம்மாவிடம் பென்சிலைக் காட்டிச் சொன்னேன். பெட்டியைத் திறந்தாங்க. இப்போ சார்ஜைக் கழட்டிட்டு, வெறும் திண்ணையில் வெச்சுத்தான் பாடம் பார்க்கிறேன். அம்மா நடுநடுவே வந்து முதுகைத் தொட்டுப் பார்த்துட்டுப் போறாங்க.